முதுமை ஆய்வில் திறன்பேசிவழிக் கண்காணிப்பு

முதியோர் உடல்நல ஆய்வுகள் நெடுங்காலம் வினாத்தாள்களையே நம்பியிருந்தன. நினைவாற்றல் குறைந்துவருபவரிடமே சென்ற மாதம் எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்பது விந்தைதான். 2000களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெஃப்ரி கே தலைமையிலான ஆய்வாளர்கள் முதியோர் வீடுகளில் அசைவு உணரிகளைப் பொருத்தி, அன்றாட நடைவேகத்தைப் பதிவுசெய்தனர். வாசலைத் தாண்டினால் அவ்வுணரிகளுக்கு எட்டாது. திறன்பேசியோ கூடவே செல்லும். 2013-இல் டார்ட்மவுத் கல்லூரியில் 48 மாணவர்களின் திறன்பேசிகள், அவர்களின் உறக்கம், நடமாட்டம், உரையாடல் நேரம் ஆகியவற்றை 10 வாரங்கள் தாமாகவே குறித்தன.

இம்முறை முதியோருக்கு அப்படியே பொருந்துவதில்லை. பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் உலவுபவர், தரவில் அசையாது அமர்ந்திருப்பவர் ஆகிவிடுகிறார். ஒப்புதல் அதைவிடச் சிக்கலானது. மறதி முற்றியபின், தாம் இசைவளித்ததே அவருக்கு நினைவிராது; பேசி மட்டும் குறித்துக்கொண்டே இருக்கும்.