ஈறு விலகினால்தான் அச்சு விழும்

திருக்கோகர்ணம் கோயிலின் கல்வெட்டுகள், 1929இல் வெளியான புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. கல்வெட்டைப் படியெடுப்போர் முதலில் என்ன செய்வார்கள், தெரியுமா? எழுத்தின் பள்ளங்களை மூடியுள்ள பாசியையும் சுண்ணாம்பையும் நீக்குவார்கள். பிறகே ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டுவார்கள். மூடிய எழுத்து தாளில் பதியாது. பல்லுக்கு அச்செடுப்பதிலும் விதி இதுவே.

சிதைந்த பல்லைச் செதுக்கி, அதன்மேல் ‘கேப்’ எனப்படும் உறையைப் பொருத்துகிறார்கள். உறையின் விளிம்பு பல வேளைகளில் ஈறுக்கு அடியில் முடிகிறது. அவ்விடம் அச்சில் சரியாகப் பதியாவிட்டால், உறைக்கும் பல்லுக்கும் நடுவே இடுக்கு விழும். கிருமிகள் அதில் குடியேறி, எஞ்சிய பல்லையும் அரித்துவிடும்.

பல்லச்சின் வரலாறு பழையது. 1756இல் பெர்லின் பல் மருத்துவர் பிலிப் ஃபாஃப், மெழுகில் அச்செடுத்துச் சாந்து வார்க்கும் முறையை நூலில் விவரித்தார். பின்வந்தோர், இளக்கிய பிசின் கலவையைச் செம்பு வளையத்தில் நிரப்பிப் பல்லின்மேல் அழுத்தினர். வளையத்தின் விளிம்பே ஈறை ஒதுக்கியது. சில வேளைகளில் காயப்படுத்தியும் விட்டது. 1930களில் கடற்பாசியிலிருந்து பெறும் அகாரும், 1950களில் செயற்கை ரப்பர்களும் வந்தன. இவை மென்மையானவை, வளைந்தாலும் பழைய வடிவத்துக்கு மீள்பவை. ஆனால் அந்த மென்மையாலேயே ஈறைத் தள்ளும் வலிமை இவற்றுக்கு இல்லை. எனவே ஈறை ஒதுக்குவது தனி வேலையாயிற்று.

அவ்வேலையை ஏற்றது, மருந்தில் நனைத்த பருத்தி நூல். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே அதைச் செருகினால், சில நிமிடங்களில் ஈறு விலகும். சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால், உள்ளே புகுந்த அச்சுப்பொருளின் மெல்லிய ஓரம் வெளியே எடுக்கும்போது கிழிந்துவிடும்.

ஒரு காலத்தில் அந்த நூலில் அட்ரினலின் மிகுதியாகப் பயன்பட்டது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கசிவை நிறுத்தும். ஆனால் உடலில் கலந்தால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். ஆகவே, அலுமினியம் குளோரைடு போன்ற உப்புகள் விரும்பப்பட்டன. முகச்சவரத்துக்குப் பின் தடவும் படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான்!

1985இல் சூரிக் நகரில் வெர்னர் மோர்மான், அச்சுப்பொருளே இன்றி ஒளியால் பல்லை அளந்து, அதற்கேற்ற நிரப்பியைச் செய்து பொருத்தினார். அப்படியானால் நூலுக்கு வேலை இல்லையா? ஒளி நேர்கோட்டில் செல்வது. மூடிய ஈறுக்கு அடியில் வளைந்து நுழையாது. கருவி மாறினாலும் ஈறு விலகத்தான் வேண்டும்.

நீங்கள் பல்லுக்கு உறை போடச் சென்றால், இதய நோயோ இரத்தக் கொதிப்போ இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூல் செருகிக் காத்திருக்கும் சில நிமிடங்களை வீண் என எண்ணாதீர்கள். உறையின் ஆயுள் அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது.