கேலரியில் முள்வேலி வேண்டாம்

மைதானங்களின் வரலாறு – 17

1920-ஆம் ஆண்டு ஜூலை 28. கல்கத்தாவில் கூச் பெஹார் கோப்பைக்கான கால்பந்துப் போட்டி. ஜோராபாகான் அணி மோகன் பாகானை எதிர்த்து ஆடவேண்டிய நாள். ஆட்டக்காரர்களின் பட்டியல் வந்தபோது, ஜோராபாகானின் சைலேஷ் போஸ் பெயர் அதில் இல்லை. அவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி. நிர்வாகம் மசியவில்லை. சைலேஷ் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கப்படுகிறார் என்று சுரேஷ் சந்திரருக்குப் பட்டது. அவரும் கிழக்கே டாங்காயில் பகுதியில் ஜமீன் வைத்திருந்தவர். பதவியை உதறிவிட்டு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, நண்பர்களோடு சேர்ந்து ஒரு புதிய கிளப்பைத் தொடங்கினார். பெயர், ஈஸ்ட் பெங்கால்.

பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரிலிருந்து கிளம்பியது இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பகை. நூறாண்டு கடந்தும் அது ஓயவில்லை. அதற்கு உயிர்களும் பலியாகியிருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் கேட்கிறார்: இந்த ரசிகர்கள் பகையை விட்டொழிக்கக் கூடாதா? நியாயமான கேள்வி. ஆனால், இந்தப் பகை எங்கிருந்து வந்தது, எதையெல்லாம் சுமந்து வந்தது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வெறுங்காலின் வெற்றி

மோகன் பாகான் 1889-இல் வட கல்கத்தாவில் உருவான கிளப். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்று வீழ்த்தியது. வெள்ளையர் பூட்ஸ் அணிந்து ஆடினார்கள். மோகன் பாகானின் பதினொருவரில் சுதிர் சட்டர்ஜி ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால். கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். அந்தக் காயம் ஆறாத காலத்தில் ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடித்தது நாடு முழுவதும் பேசப்பட்டது.

இன்றைய ரசிகர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அன்று ஆடிய பதினொருவரில் பலர் கிழக்கு வங்காளத்தில் வேர் கொண்டவர்கள். மோகன் பாகானின் மிகப் பெரிய பெருமையில் கிழக்கின் வியர்வையும் கலந்திருக்கிறது.

ஒன்பது ஆண்டு கழித்து ஈஸ்ட் பெங்கால் பிறந்தபோது நிலைமை வேறு. படிப்புக்காகவும் வேலைக்காகவும் கிழக்கிலிருந்து கல்கத்தா வந்தவர்களின் பேச்சுவழக்கும் சாப்பாடும் நகரத்துக்காரர்களின் கேலிக்கு ஆளாயின. மேற்கு வங்காளத்தார் ‘கோட்டி’, கிழக்கத்தியார் ‘பாங்கால்’. ஒரே மொழி, ஒரே துர்கா பூஜை, ஆனாலும் இரண்டு சனம்.

கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் அன்று இரண்டு இந்திய கிளப்புகளுக்கு மேல் இடம் கிடையாது. ஈஸ்ட் பெங்கால் ஆடித் தகுதி பெற்ற பிறகும் இந்த விதி குறுக்கே நின்றது. விதியைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது ஆங்கிலேய கிளப்புகள் ஒப்புக்கொண்டன. எதிர்த்தவை ஏற்கெனவே உள்ளே இருந்த இரண்டு இந்திய கிளப்புகள்: மோகன் பாகானும் ஆரியனும். அந்தக் கசப்பு ஈஸ்ட் பெங்கால்காரர்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. 1925 மே 28 அன்று இரண்டு அணிகளும் லீக்கில் முதன்முறையாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அகதிகளின் கொடி

1947 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, நிலம், குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த இந்துக் குடும்பங்கள் சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நாள்கணக்கில் கிடந்தன. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மேற்கு வங்காளத்தில் அகதிகள் 20 லட்சத்துக்கும் மேல். ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலியாகக் கிடந்த நிலங்களில் மூங்கில் நட்டு, தகரமும் ஓலையும் வேய்ந்து காலனிகள் எழுந்தன.

வந்தவர்களுக்கு நகரத்தில் சொந்தமென்று ஏதுமில்லை. ஆனால் சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு கொடி அவர்களுக்கு முன்பே அங்கே பறந்துகொண்டிருந்தது. அதில் அவர்கள் ஊரின் பெயர் இருந்தது. 1955-இல் அந்த மாகாணத்துக்குக் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாற்றினார்கள். 1971-இல் வங்கதேசம் பிறந்தது. தேசப்படத்திலிருந்து நீங்கிய பெயரை அந்த மக்கள் வாரந்தோறும் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர்களுடைய ஆவேசத்தை வெறும் விளையாட்டு வெறி என்று ஒதுக்குவது பெரும் பிழை. வீடிழந்தவன் தன் ஊரை உரக்கச் சொல்ல அவனுக்குக் கிடைத்த இடம் அந்தக் கேலரி.

இந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். பஞ்சத்திலும் கலவரத்திலும் ஏற்கெனவே நொந்திருந்த நகரம் அது. வேலைக்கும் வீட்டுக்கும் போட்டி பெருகியது. மோகன் பாகான் ரசிகன் 1911-இன் பெருமையை மேலும் இறுகப் பற்றிக்கொண்டான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பாகான் வென்றால் இறால் விலை ஏறும் என்று கொல்கத்தாக்காரர்கள் இன்றும் சொல்வது இந்தக் காலத்தின் எச்சம்தான்.

கோடு நிற்காத இடங்கள்

பகையை ரத்தத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் கிளப்புகளின் வரலாற்றைப் படித்திருக்கமாட்டார்கள். பந்தை விடாமல் தடுத்ததால் ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று பெயர் வாங்கிய தற்காப்பு வீரர் கோஷ்ட பால் மோகன் பாகானின் அடையாளம். 1962-இல் பத்மஸ்ரீ பெற்ற முதல் கால்பந்து வீரர் அவர்தான். அவர் பிறந்தது கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூரில். அதே 1962-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமியும் கிழக்கே கிஷோர்கஞ்சில் பிறந்தவர். ஈஸ்ட் பெங்கால் எவ்வளவோ அழைத்தும் கடைசிவரை மோகன் பாகானை விட்டு நகரவில்லை.

எதிர்ப்பக்கமும் இதே கதை. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடுகிறார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னிந்தியர்கள். பத்மா நதியைக் கண்டிராத ஐந்து பேர் கிழக்கு வங்காளத்தின் மானத்தைக் காத்தார்கள்! நம் வந்தவாசியிலிருந்து போன பூங்கம் கண்ணன் இரண்டு கிளப்புகளின் சட்டையையும் அணிந்து ஆடினார். இரு தரப்பு ரசிகர்களும் அவரைத் தங்களவராகவே கொண்டாடினார்கள்.

கல்லும் கண்ணீரும்

எழுபதுகளில் இந்தப் போட்டி உச்சத்துக்குப் போனது. 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டும் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே. 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பாகானை 5–0 என்று நொறுக்கியது. அந்தத் தோல்வியைத் தாங்கமுடியாமல் மோகன் பாகான் ரசிகர் ஒருவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் மோகன் பாகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஐந்து கோலுக்கு ஓர் உயிரா? எந்த கிளப்பின் கணக்கிலும் இது நேர் ஆகாது.

அதைவிடப் பெரிய துயரம் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்தது. மோகன் பாகானின் பிதேஷ் போஸுக்கும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் களத்தில் மோதல். நடுவர் சுதின் சட்டர்ஜி இருவரையும் வெளியேற்றினார். களத்தில் அணைந்த நெருப்பு கேலரியில் பற்றிக்கொண்டது. கல்வீச்சு, கைகலப்பு, தப்பி ஓடும் கூட்டம், நெரிசல். 16 பேர் வீடு திரும்பவில்லை. ஆட்டம் பார்க்கப் போன பிள்ளையை இரவெல்லாம் மருத்துவமனைகளில் தேடிய குடும்பங்களுக்கு, எந்த நிறச் சட்டை அணிந்தவன் முதல் கல்லை எறிந்தான் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

கொல்கத்தா அந்த நாளை மறக்கவில்லை. மன்னா டே அந்தத் துயரத்தைப் பாடினார். ஆகஸ்ட் 16 கால்பந்து ரசிகர் நாளாக நினைவுகூரப்படுகிறது. மாநிலக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ. அன்று ரத்த தான முகாம் நடத்துகிறது. கொடுக்கப்படும் ரத்தத்தில் கோட்டி ரத்தம், பாங்கால் ரத்தம் என்று பிரித்து எழுதுவதில்லை.

அப்போதே பலர் சொன்னார்கள்: போதும், இந்தப் போட்டியே வேண்டாம். அந்த வேதனையோடு வாதாட யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் போட்டி நிற்கவில்லை. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண சால்ட் லேக் மைதானத்தில் திரண்டவர்கள் 1,31,781 பேர். மோகன் பாகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்பே எதிரணியினரின் பெயர்களைத் திரித்துக் கேலி செய்திருந்தார். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்துப் பதில் சொன்னார். ஈஸ்ட் பெங்கால் 4–1. வாய்ச்சொல்லுக்குக் காலால் பதில்! இந்தப் போட்டி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அந்த நாள் ஒரு சான்று.

எப்படி இருக்கக்கூடாது என்பதற்குச் சான்று 2012 டிசம்பர் 9. கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பாகானின் ரஹீம் நபியைத் தாக்கியது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பாகான் களமிறங்க மறுத்தது. கால்பந்துக் கூட்டமைப்பு முதலில் தடையே விதித்தது. பிறகு அதை 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளிகள் பறிப்பாகவும் மாற்றியது. முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் கற்ற பாடம் ஒரே கல்லில் உடைந்தது.

ஒன்றாகத் திரண்ட நாள்

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று இந்த இரு அணிகளுக்கும் இடையே நடக்கவேண்டிய டுராண்ட் கோப்பை ஆட்டத்தை, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ஆட்டமில்லாத அந்த நாளிலும் சால்ட் லேக் மைதானத்தின் வாசலுக்கு ரசிகர்கள் வந்தார்கள். பச்சை–மெரூன் சட்டையும் சிவப்பு–பொன் சட்டையும் தோளோடு தோள் நின்றன. முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிளப்பின் ரசிகனை மற்ற கிளப்பின் ரசிகன் தோளில் தூக்கிக்கொண்டான். நீதி கேட்டு ஒரே குரலில் முழங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அடி வாங்கியதிலும் கோட்டி, பாங்கால் என்ற பிரிவு இல்லை.

இவர்களால் எப்படி இது முடிந்தது? நூறாண்டாகக் கூடிக் கூடிப் பழகியவர்கள் இவர்கள். முழக்கம் எழுதவும், பதாகை கட்டவும், நினைத்த நேரத்தில் ஆயிரம் பேரைத் திரட்டவும் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் போட்டிதான். 2020-இல் மோகன் பாகான் இன்னொரு நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு ஏ.டி.கே. மோகன் பாகான் ஆனபோது, அந்த மூன்று எழுத்தை நீக்கச் சொல்லி அதன் ரசிகர்கள் விடாமல் போராடினார்கள்; 2023-இல் அது நீங்கியது. 2020 ஜனவரி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள், இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்று பொருள்பட மாபெரும் பதாகை விரித்தார்கள். குடியுரிமைச் சட்டம் பற்றி நாடே விவாதித்த நேரம் அது. பாட்டன் பட்ட பாட்டைப் பேரன் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பதாகை சாட்சி.

எதை விடுவது, எதை வைப்பது

ஆகவே, இந்தப் போட்டியை முழுதாக விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அதை விட்டால் ஒரு பக்கத்துக்கு 1911-உம், இன்னொரு பக்கத்துக்கு 1947-உம் பொதுவெளியில் பேச இடமின்றிப் போகும். ஆனால் ஒன்றை விட்டே ஆகவேண்டும்: பிறப்பையும் பெயர்வையும் இழிக்கும் ஏச்சு. ஈஸ்ட் பெங்கால் ரசிகனைப் பார்த்து ‘முள்வேலி’ என்று கத்துவதைக் கொல்கத்தா கேலரிகளில் இன்றும் கேட்கலாம். எல்லை தாண்டி வந்தவனே என்று அதற்குப் பொருள். எதிர்த்தரப்பும் அதே தரத்தில் பதிலடி கொடுக்கிறது. தற்காப்பில் ஓட்டை என்று கத்துங்கள், கோல் அடிக்கத் துப்பில்லை என்று கத்துங்கள், ஹில்சாவையும் இறாலையும் ஆட்டிக் காட்டி வெறுப்பேற்றுங்கள். ஆட்டத்தைப் பற்றிய கேலி அடுத்த ஆட்டத்தில் தீர்ந்துவிடும். பிறப்பைப் பற்றிய கேலிக்கு எந்த ஆட்டத்திலும் பதில் கோல் அடிக்கமுடியாது. கல்லெறியும் கை அந்த ஏச்சில்தான் பழகுகிறது.

இது ரசிகர்களை மட்டும் சார்ந்ததும் அல்ல. கேலரியைச் சரியாகப் பிரிப்பது, போதிய வாசல்களைத் திறந்துவைப்பது, நிதானமான போலீஸைப் பணியில் நிறுத்துவது எல்லாம் நடத்துகிறவர்களின் கடமை. அந்தக் கடமையில் தவறிவிட்டு ரசிகனின் வெறி என்று மட்டும் பழிபோடுவது அநியாயம்.

2024-இல் மைதான வாசலில் நின்றவர்கள் யாரும் தங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரவில்லை. அவரவர் நிறத்தோடு வந்து அடுத்தவனின் தோளில் கைபோட்டார்கள். எந்த நாட்டின் எந்த கிளப்பு ரசிகனுக்கும் நான் சொல்ல விரும்புவது அதுதான்: உன் நிறத்தை விடாதே, எதிரில் இருப்பவனும் தன் ஊரைச் சொல்லத்தான் கத்துகிறான் என்பதை மறக்காதே.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்.