காலியான மார்புக்குள் சீழ்: மறுபடி வெட்டாம ஆத்த முடியுமா?

இன்னிக்கு ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த சிக்கலோட கதை.

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரம். ஜேம்ஸ் கில்மோர்னு ஒரு மகப்பேறு மருத்துவர். அவருக்கு நுரையீரல்ல புற்றுநோய். எவார்ட்ஸ் கிரஹாம்ங்கிற சர்ஜன் அவரோட இடது நுரையீரலை ஒரே ஆபரேஷன்ல முழுசா எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படிச் செஞ்சு நோயாளி பிழைச்சது அதுதான் முதல் தடவை.

ஆனா கில்மோருக்கு மார்புக்குள்ள சீழ் வச்சுது. பொதுவா நுரையீரலைச் சுத்திச் சீழ் கட்டினா, அதை வடிச்சதும் நுரையீரல் விரிஞ்சு அந்த இடத்தை அடைச்சுக்கும். இங்க விரியறதுக்கு நுரையீரலே இல்லையே! காலி இடத்துல கிருமி குடியேறிடும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் வேற. விலா எலும்புகளை எடுத்து, மார்புச் சுவரை உள்ளே அமுங்க வச்சு இடத்தைக் குறைக்கணும். கில்மோருக்கும் மறுபடி விலா எலும்பு எடுத்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, கிரஹாம் சீழ் விஷயத்துல புதுசு கிடையாது. 1918ல ராணுவ முகாம்கள்ல நிமோனியாவுக்கு அப்புறம் சீழ் கட்டி, சராசரியா 30 சதவீதம் பேர் செத்துட்டு இருந்தாங்க. அவசரப்பட்டு மார்பைத் திறக்காதீங்க, காத்து உள்ளே போகாத குழாய் வழியா வடிங்கன்னு அவர் இருந்த குழு சொல்லுச்சு. சாவு 5 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

அடுத்த திருப்பம் 1963. மேயோ கிளினிக்ல கிளாகெட், ஜெராசி ரெண்டு பேரும் மார்புல ஒரு 'ஜன்னல்' வெட்டி, உள்ளே கழுவிக் கழுவிச் சுத்தம் பண்ணி, கடைசியில ஆன்டிபயாடிக் கரைசலை நிரப்பி மூடினாங்க. இடத்தை ஒழிக்க வேண்டாம், கிருமியை ஒழிச்சா போதும்ங்கிறதுதான் யோசனை.

சரி, அப்போ ஜன்னல் எதுக்கு? ஒரு குழாய் போதாதா? அப்படித்தான் குழாய் முறை வந்தது. குழாய் வழியா மருந்துத் தண்ணியை விட்டு வடிக்கணும். வடியற தண்ணியை லேப்ல வளர்த்துப் பார்த்து, கிருமி இல்லைன்னா மருந்தை நிரப்பிட்டு குழாயை எடுத்துடலாம். விலா எலும்பு தப்பிச்சுது!

ஆனா இது எல்லாருக்கும் சரிப்படாது. நுரையீரலை வெட்டின இடத்துல, தைச்ச மூச்சுக்குழாய் முனை விட்டுப்போயிருந்தா, உள்ளே விடற தண்ணி மிச்சமிருக்கிற ஒரே நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். அதனால முதல்ல ஓட்டை இருக்கான்னு பார்க்கணும். இருந்தா பெரும்பாலும் சர்ஜன்தான் வரணும்.

கிரஹாம் 1957ல நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். கில்மோர் அவருக்கு அப்புறமும் சில வருஷம் வாழ்ந்தார், ஒத்தை நுரையீரலோட.