டயப்பர் தடிப்பு

டயப்பர் தடிப்பு என்பது கைக்குழந்தைகளின் இடுப்பாடை மூடும் பகுதியில் தோன்றும் தோல் அழற்சி. பெரும்பாலும் 9 முதல் 12 மாத வயதில் மிகுதியாகக் காணப்படுகிறது.

வகைகள்: உறுத்தலால் வரும் தடிப்பில் பிட்டம், தொடை ஆகியவற்றின் மேடான பகுதிகள் சிவக்கும், தொடை மடிப்புகள் பொதுவாகத் தப்பும். கேண்டிடா பூஞ்சைத் தொற்றில் மடிப்புகளும் அடர்சிவப்பாகி, சுற்றிலும் சிறு புள்ளிகள் பரவும்.

காரணம்: ஈரமும் உராய்வும் தோலை நலிவிக்கின்றன. மலக் கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால் காரத்தன்மை உயர்ந்து, மலத்திலுள்ள நொதிகள் தோலைச் சிதைக்கின்றன. வயிற்றுப்போக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் தடிப்பு திரும்பத் திரும்ப வரத் தூண்டும்.

வரலாறு: 1905இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக்கே இதை விவரித்தார். 1980களில் பரவிய மிகையுறிஞ்சு டயப்பர்கள் தோலின் ஈரத்தைக் குறைத்தன.

சிகிச்சை: ஈரமானதும் டயப்பரை மாற்றி, வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவ வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்கு க்ளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாட்டின் பயன்படுகிறது. ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்னாலன்றிப் பூசலாகாது.

தடுப்பு: இறுக்கமான டயப்பர், மணமூட்டிய ஈரத்துடைப்பான், மூச்சில் கலக்கும் பவுடர் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். துணி இடுப்பாடைகளில் சோப்பு தங்காமல் அலச வேண்டும்.

காய்ச்சல், சீழ், கொப்புளம் ஆகியவை தோன்றினாலோ, 3 நாட்களில் குறையாவிட்டாலோ, அடிக்கடி திரும்பினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். துத்தநாகக் குறைபாடு போன்ற அடிப்படை நோயும் காரணமாக இருக்கலாம்.