குருந்தத்திலிருந்து கிரைண்டிங் வீல் வரை

குருந்தம் என்ற சொல்லை இப்போது பேச்சில் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆனால் ஆங்கில அகராதியில் 'கொரண்டம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், தமிழிலிருந்து போனது என்று போட்டிருக்கும். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் கப்பல் ஏறிய மாதிரி இந்தக் கல்லின் பெயரும் ஏறியிருக்கிறது. டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரைண்டிங் மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

குருந்தம் என்பது வேறொன்றுமில்லை, அலுமினியம் ஆக்ஸைடுதான். அதிலே துளி குரோமியம் சேர்ந்து சிவந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலமானால் நீலக்கல். மோதிரத்துக்கு ஆகாத மங்கலான கல்லை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு சேர்த்து உருக்கிச் சக்கரமாக்கிக் கொண்டார்கள் நம் நாட்டுக் கல் பட்டறைக்காரர்களும் வாள் தீட்டுகிறவர்களும். அதுதான் அந்தக் காலத்துச் சாணை. நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி வட்டாரம் இந்தக் கல்லுக்குப் பெயர் போனது. 1798-லேயே சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வந்த குருந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார்.

அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகளில் மணற்கல் சக்கரத்தில்தான் தீட்டினார்கள். மணற்கல் என்றால் சிலிக்கா. சக்கரத்தின் மேல் குனிந்து உட்கார்ந்து தீட்டுகிறவன் நாள் முழுக்க அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுப்பான். முள்கரண்டி தீட்டுகிறவர்கள் தண்ணீர் விடாமல் உலர்வாகத் தீட்டியதால் அவர்கள் கதி இன்னும் மோசம். முப்பது வயதைத் தாண்டாமல் போனவர்கள் ஏராளம். கால்வர்ட் ஹாலண்ட் என்ற டாக்டர் 1843-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். செயற்கை வீல் வந்ததை வெறும் உற்பத்தி வேகக் கணக்காகப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

மாற்று வந்தது ஒரு மண்பாண்டக் கடையிலிருந்து. அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் ஃபிராங்க் நார்ட்டன் ஜாடி, பானை செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1870-களில் அவரிடம் வேலை பார்த்த ஸ்வென் புல்சன், எமரிப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டெடுத்தார். பானை மாதிரியே சக்கரமும் இறுகி வந்தது. இன்றைக்கும் வீலில் 'வி' என்று எழுதியிருக்கிறதே, விட்ரிஃபைடு, அதன் பூர்வீகம் இதுதான். ஆனால் எமரி என்பது குருந்தமும் இரும்புத் தாதுவும் கலந்த கல். ஒரு மூட்டை மாதிரி இன்னொரு மூட்டை இருக்காது.

1891-ல் எட்வர்ட் அச்செசன், செயற்கை வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டு சிலிக்கான் கார்பைடைக் கண்டுபிடித்தார். அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று நினைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். குருந்தத்தை விடக் கடினம்தான். இருந்தும் எஃகில் அது எடுபடவில்லை. தேய்க்கும் சூட்டில் அதன் கார்பன் இரும்போடு போய்ச் சேர்ந்துகொள்ளும், துகளின் முனை சீக்கிரம் மழுங்கும். 1897-ல் சார்லஸ் ஜேக்கப்ஸ் பாக்ஸைட்டை மின் உலையில் உருக்கி அலுமினியம் ஆக்ஸைடு எடுத்தார். அந்த உரிமையை நார்ட்டன் கம்பெனி வாங்கி, மின்சாரம் மலிவாகக் கிடைத்த நயாகராவில் உலை போட்டது. எஃகுக்கு ஏற்ற வீல் அப்போதுதான் ஒரே தரத்தில் கிடைக்க ஆரம்பித்தது.

நம் பக்கம் 1954-ல் முருகப்பா குழுமம், அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியோடும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கம்பெனியோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. குருந்தம் என்ற சொல் கார்போரண்டமாக வேஷம் மாறி மதராஸுக்கே திரும்பிவிட்டது!

இனி வீலைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். வீலின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஏ 46 கே 5 வி என்று இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்ஸைடு, எஃகுக்கு. வார்ப்பிரும்புக்கு 'சி', அதாவது சிலிக்கான் கார்பைடு. 46 துகளின் அளவு. எண் ஏற ஏறத் துகள் பொடியாகும். 5 என்பது துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இதில் தகராறு பிடித்தது 'கே' என்ற எழுத்துதான். துகளை வீல் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதன் கணக்கு அது. 'ஏ' பக்கம் போனால் மென்மை, 'இசட்' பக்கம் போனால் கடினம்.

கடினமான இரும்புக்கு மென்மையான வீல், மென்மையான இரும்புக்குக் கடினமான வீல். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும். கடின எஃகில் துகளின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கியது உதிர்ந்து புதுத் துகள் வெளியே வரவேண்டும். வீல் விடாப்பிடியாகப் பிடித்திருந்தால் வெட்டாது, வெறுமனே உரசிச் சூடேற்றும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வீல் நாள்பட வரட்டும் என்று பர்ச்சேஸில் கடின கிரேடாகப் பார்த்து வாங்கிப் போட்டார்கள். ஹார்டனிங் முடிந்து வந்த டைகளைச் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்தால் மேலே நீலம் பூத்தது. பிரஸ்ஸில் போட்ட இரண்டாம் நாளே விரிசல். ஆபரேட்டர் கூலண்ட் சரியாக விடவில்லை என்று சொல்லி அந்தப் பையனை சஸ்பெண்ட் செய்தார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் அவனுக்கு. நான் பழைய ஸ்டாக்கில் கிடந்த வெள்ளை வீல் ஒன்றை, 46 எச், தேடி எடுத்தேன். மேனேஜரைப் பக்கத்தில் நிற்க வைத்து அதே டை எஃகில் ஒரு துண்டை அதே கூலண்டில் ஓட்டிக் காட்டினேன். நீலமும் இல்லை, விரிசலும் இல்லை. பையன் திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். பிடித்த சம்பளத்தை மட்டும் கடைசிவரை தரவில்லை.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சமாச்சாரம். சாதாரண விட்ரிஃபைடு வீல் பலவற்றுக்கு விளிம்பு வேகம் வினாடிக்கு 33 மீட்டர்தான் உச்சம். 2800 சுற்று மோட்டாரில் 200 மில்லிமீட்டர் வீல் போட்டால் 29 மீட்டர், பயமில்லை. அதிலேயே துவாரம் பொருந்துகிறது என்று 300 மில்லிமீட்டர் வீலை மாட்டினால் 44 மீட்டர் வந்துவிடும். வீல் சிதறினால் துண்டு தோட்டா மாதிரி வரும். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 30-வது பிரிவு, ஒவ்வொரு கிரைண்டிங் மெஷின் பக்கத்திலும் பாதுகாப்பான உச்ச வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. நான் பார்த்த பட்டறைகள் பலவற்றில் அந்த இடத்தில் சாமி படக் காலண்டர்தான் தொங்கும். எழுதி வைத்திருந்த இடத்திலும் வீலை மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். மணி மாதிரி கணீர் என்றால் மெஷினுக்குப் போகும். உடைந்த பானை மாதிரி சத்தம் வந்தால் அங்கேயே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவோம், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக.