மட்டாஞ்சேரிச் சூளுரை: ஓர் ஆட்கவர்வும் மக்கள் எதிர்வினையும் (1652-1653)

முன்னுரை

அதிகாரத்தில் இருப்போர் ஒருவரைப் பிடித்துச் சென்று, அவரைக் கண்ணிற் காட்ட மறுக்கும்போது மக்கள் என்ன செய்கின்றனர் என்னும் வினா காலந்தோறும் எழுவதாகும். கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தோமையார் கிறித்தவர்கள் எடுத்த சூளுரை இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடைகளுள் ஒன்று. மலையாளத்தில் 'கூனன் குரிசு சத்தியம்' எனப்படும் இந்நிகழ்ச்சி, திருச்சபை வரலாற்றில் ஒரு பிளவின் தொடக்கமாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. ஜோசப் தெக்கேடத்து 1972இல் வெளியிட்ட பேராயர் கார்சியா பற்றிய நூலும், ஜேக்கப் கொல்லப்பறம்பில் 1981இல் வெளியிட்ட 1653ஆம் ஆண்டுப் புரட்சி பற்றிய நூலும் இத்துறையில் அடிப்படையானவை. இந்நிகழ்ச்சிக்குக் காரணமான ஆட்கவர்வு தமிழ்நிலமாகிய மயிலாப்பூரில் நடந்தது. எனினும் தமிழாய்வுலகம் இதில் போதிய கருத்துச் செலுத்தவில்லை. அச்சூளுரையை ஓர் ஆட்கவர்விற்கு எதிரான மக்கள் எதிர்வினையாகக் கொண்டு, அதன் வடிவத்தையும் அதற்குத் தூண்டுதலாய் அமைந்த வதந்தியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலதிகாரமும் பிடித்தலும்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மேலைக்கடலில் போர்த்துகீசியர் நிலைநிறுத்திய அதிகாரம், பிடித்தல், பறித்தல் என்னும் இரு செயல்களின்மேல் அமைந்தது. 'கர்த்தாஸ்' எனப்பட்ட அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்துப் பெறாத கப்பல்கள் பிடிக்கப்பட்டன. சரக்குகள் பறிமுதல் செய்யப்பட்டன. கடலில் செல்லும் உரிமையையே விலைப்பொருளாக்கிய இம்முறை, வணிகர் நோக்கில் சட்டவடிவம் பெற்ற பறிப்பேயாகும்.

தமிழகத்தின் முத்துக்குளித்துறையிலும் இந்நிலையே காணப்பட்டது. 1544ஆம் ஆண்டு மணப்பாட்டிலிருந்து பிரான்சிசு சவேரியார் தம் உடன்பணியாளருக்கு எழுதிய கடிதங்களில், உள்ளூர் இளவரசர் ஒருவரின் பணியாளைப் போர்த்துகீசியர் ஒருவர் பிடித்துப் புன்னைக்காயலுக்குக் கொண்டுசென்ற செய்தி கண்டனத்தோடு இடம்பெறுகிறது. ஆட்கவர்வு என்பது கடற்கரை மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு நடைமுறை என்பதற்கு இது சான்றாகும்.

சமயத்துறையில் இவ்வதிகாரம் 'பதுரவாதோ' எனப்பட்ட அரச ஆதரவுரிமையாக வெளிப்பட்டது. போர்த்துகல் அரசின் இசைவின்றி எந்த ஆயரும் கீழைநாடுகளில் பணியாற்ற இயலாது என்பது அதன் சாரம். தோமையார் கிறித்தவர்களோ நெடுங்காலமாகச் சுறியானி வழிபாட்டு மரபினர். அவர்களுக்குரிய ஆயர்கள் மேற்காசியாவிலிருந்து வந்தனர். உள்நாட்டு நிருவாகம் பகலோமற்றம் குடும்பத்தைச் சேர்ந்த 'அர்க்கதியாக்கோன்' என்னும் தலைமைத் திருத்தொண்டரிடம் இருந்தது. 1599ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கோவாப் பேராயர் அலெக்சோ தெ மெனேசசு கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் இவ்வமைப்பைப் போர்த்துகீசியர் ஆளுகைக்கு உட்படுத்தியது. சுறியானி நூல்கள் பல திருத்தப்பட்டன, சில தீயிடப்பட்டன. அன்று தொடங்கிய மனக்கசப்பு அரை நூற்றாண்டு காலம் அடங்கிக் கிடந்தது.

மயிலாப்பூரிலிருந்து கொச்சிக்கு

பேராயர் பிரான்சிசு கார்சியாவின் காலத்தில் அர்க்கதியாக்கோன் தோமாவுக்கும் பேராயருக்கும் இடையிலான பூசல் முற்றியது. அர்க்கதியாக்கோன் கீழைத் திருச்சபைகளின் தலைவர்களுக்கு மடல்கள் எழுதி, தமக்கு ஓர் ஆயரை அனுப்புமாறு வேண்டினார். இவ்வேண்டுகோளின் தொடர்ச்சியாக இந்தியாவிற்கு வந்தவரே அலெப்போ நகரைச் சேர்ந்த மார் அஹத்தல்லா. அவர் சூரத்து வழியாக 1652இல் மயிலாப்பூரை அடைந்தார். தோமையாரின் கல்லறைத் தலம் என்பதால் மலையாளக் கிறித்தவர்கள் வழிபடச் சென்றுவந்த ஊர் அது. போர்த்துகீசிய அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தி, இயேசு சபையினரின் காவலில் வைத்தனர்.

அவ்வேளையில் வழிபாட்டிற்கென மயிலாப்பூர் வந்திருந்த செங்ஙன்னூர், குறவிலங்ஙாடு ஆகிய ஊர்களின் திருத்தொண்டர்கள் அவரைச் சந்தித்தனர். அவர்கள்வழி அஹத்தல்லா கொடுத்தனுப்பியதாகக் கூறப்படும் மடல் மலையாள நாட்டை எட்டியது. அதன் உண்மைத்தன்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், தங்களுக்கென வந்த ஆயர் ஒருவர் சிறையில் உள்ளார் என்னும் செய்தி அம்மடலால் மக்களிடையே உறுதிப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அவரைக் கோவாவிற்குக் கொண்டுசெல்லும் கப்பல் கொச்சித் துறையை அடைந்தபோது, அர்க்கதியாக்கோனும் குருமாரும் பெருந்திரளான மக்களும் கொச்சியில் கூடினர். அவர்களின் கோரிக்கை மிக எளியது. வந்தவரைத் தங்களுக்குக் காட்ட வேண்டும். அவருடைய சான்றுமடல்களை ஆராய இடந்தர வேண்டும். அவை பொய்யெனத் தெரிந்தால் அவரைத் தண்டிக்கலாம் என்பதே அவர்கள் வேண்டியது. கோட்டையும் படையும் கையில் இருந்த அதிகாரிகள் இதற்கு இசையவில்லை. பேராயரும் இறங்கிவரவில்லை. கப்பல் அவரைக் கரையிறக்காமலேயே கோவா நோக்கிச் சென்றது.

இங்கு அதிகாரத்தின் கணக்கு தெளிவானது. மாற்றுத் தலைமை ஒன்று கைக்கு எட்டாமற் செய்துவிட்டால், கீழ்ப்படிவதைத் தவிர மக்களுக்கு வேறு வழியிராது என அது கருதியது. ஓர் ஆளைப் பிடித்து வைத்து ஒரு சமூகத்தின் பணிவைப் பறிக்கும் முயற்சி என இதனைக் கூறலாம். இக்கணக்கு எவ்வாறு பிழைத்தது என்பதைப் பின்னிகழ்வுகள் காட்டுகின்றன.

வதந்தியின் பொருள்

கப்பல் சென்றபின் ஒரு செய்தி பரவியது. அஹத்தல்லாவைக் கழுத்தில் கல்லைக் கட்டிக் கொச்சிக் கடலில் ஆழ்த்திவிட்டனர் என்பது அச்செய்தி. அவர் கோவாவில் எரிக்கப்பட்டார் என்னும் கூற்றும் பிற்கால நூல்களில் காணப்படுகிறது. ஆவணங்களை ஆராய்ந்தோர் இவ்விரண்டையும் மறுக்கின்றனர். அவர் கோவாவிலிருந்து போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து உரோமைக்குச் செல்லும் வழியில் பாரிசு நகரில் இறந்தார் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

எனவே மட்டாஞ்சேரி எதிர்வினை ஒரு பொய்ச்செய்தியின் விளைவு எனக் கூறி அமைந்துவிடலாமா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. வதந்தி உண்மையா என்பது ஒரு வினா. அது ஏன் நம்பப்பட்டது என்பது மற்றொரு வினா. வரலாற்று ஆய்வில் பின்னது முன்னதினும் பயன் மிக்கது. கொச்சியில் கூடியோர் கேட்டது 'காட்டுங்கள்' என்னும் ஒன்றே. காட்டியிருந்தால் வதந்திக்கு இடமில்லை. காட்ட மறுத்த அக்கணமே அவர் மக்களைப் பொறுத்தவரை இறந்தவரானார். அதிகாரத்தின் மௌனம் விட்டுச்சென்ற வெற்றிடத்தை மக்கள் தாம் அறிந்த அனுபவத்தைக் கொண்டு நிரப்பினர். பிடித்தலும் பறித்தலும் அன்றாட நடப்பாக இருந்த கடற்கரையில் அவ்வனுபவம் வேறு எதைச் சொல்லியிருக்கக் கூடும்?

வதந்தி எடுத்த வடிவமும் கருதத்தக்கது. கல்லோடு பிணைத்துக் கடலில் இடுதல் என்பது கொடுங்கோன்மையின் அடையாளமாகத் தமிழ் மரபில் நன்கு அறியப்பட்டது. பல்லவ மன்னனின் ஆணையால் திருநாவுக்கரசர் அவ்வாறு கடலில் இடப்பட்டதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் ஆழ்த்துதல் விவிலியத்திலும் இடம்பெறும் படிமமாகும். இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனக் கொள்ளச் சான்றில்லை. அதிகாரம் அடியவரை அழிக்க முனையும் முறை இதுவே என்னும் பொதுப் படிமம் கடல்சார் மக்களிடையே எளிதில் வேர்கொள்ளக் கூடியது என்ற அளவிற் கொள்ளுதல் தகும். நாவுக்கரசர் கரையேறினார், அஹத்தல்லா கரையேறவில்லை. அக்குறையை நிரப்பவே மக்கள் அவரை மறைசாட்சியாகப் போற்றினர் எனலாம்.

களம்: மட்டாஞ்சேரி

எதிர்வினைக்கு மக்கள் தேர்ந்த களமும் பொருள் பொதிந்தது. கொச்சி அன்று இரு நகரங்களாக இருந்தது. கடல்முகத்தில் போர்த்துகீசியரின் கோட்டை நகரம். அதற்குள்ளாகச் சற்றுத் தொலைவில் கொச்சி அரசருக்குரிய மட்டாஞ்சேரி. பின்னதில் 1568இல் எழுப்பப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இருந்தது. கொங்கணி வணிகரின் குடியிருப்பும் கடைவீதிகளும் அங்கேயே அமைந்திருந்தன. போர்த்துகீசியர் ஒரு கோயிலைக் கொள்ளையிட்டதற்கு ஈடாக, 1555 அளவில் அரசருக்கு அவர்கள் கட்டிக்கொடுத்ததெனக் கூறப்படும் அரண்மனையும் அங்கேயே உள்ளது. பறிப்பும் அதன்பின் இணக்கமும் அவ்வூர் நினைவில் ஏற்கெனவே பதிந்திருந்தன.

மக்கள் கோட்டையைத் தாக்கவில்லை. தம் ஊர்களுக்குக் கலைந்து செல்லவும் இல்லை. கோட்டையின் ஆணை செல்லாத, ஆனால் கோட்டைக்குச் செய்தி உடனே எட்டக்கூடிய ஓரிடத்தில், வாழ்வின் அன்னை ஆலயத்தில் கூடினர். இத்தேர்வில் கட்டுக்கடங்காச் சினத்தைக் காட்டிலும் ஆய்ந்தமைந்த முடிவே மிகுதியாகத் தெரிகிறது.

சூளுரையின் வடிவமும் பாட வேறுபாடும்

ஆலய முற்றத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய அனைவருக்கும் இடம் போதவில்லை. ஆதலின் அதில் கயிறுகளைப் பிணைத்து, கயிற்றைப் பற்றியவாறு மக்கள் சூளுரைத்தனர். இழுப்பின் மிகுதியால் சிலுவை வளைந்தது. அதனால் 'கூனன் குரிசு' எனப் பெயர்பெற்றது என்பது மரபுவழிச் செய்தி. 'கூன்' என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவாய் வளைவைக் குறிப்பது. சிலுவை முன்னரே சாய்ந்திருந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டிய மக்கள் தலைவரின் பெயரையோ ஆலயத்தின் பெயரையோ தேரவில்லை. பலர் கைகளின் இழுப்பைக் காட்டும் சொல்லையே தேர்ந்தனர்.

சூளுரையின் வாசகம் ஒரே வடிவில் கிடைக்கவில்லை. பேராயர் கார்சியாவை இனி ஏற்பதில்லை என்பதே சூளுரை என ஒரு சாரார் உரைப்பர். சம்பாளூர்ப் பாதிரியார்களுக்கு, அதாவது இயேசு சபையினருக்கு, அடிபணிவதில்லை என்பது என மற்றொரு சாரார் உரைப்பர். உரோமைத் திருத்தந்தையின் தலைமையையே மறுத்தனர் என்பது பிறிதொரு கருத்து. இவ்வேறுபாடுகள் பிற்காலத்தில் பிரிந்த திருச்சபைகளின் நிலைப்பாடுகளோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. பாடவேறுபாடு என்பது ஏடெழுதுவோர் பிழையால் மட்டும் தோன்றுவதன்று. உரிமைகோருவோர் தேவையாலும் தோன்றுவது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சம்பாளூர் என்னும் அம்பழக்காடு தமிழியலாருக்குப் புதிய ஊரன்று. அந்தாவோ தெ ப்ரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679இல் அச்சேறியது அங்கேதான். 1579இல் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானதும் கொச்சியிலேயே. தமிழ் அச்சு வரலாற்றில் நாம் நன்றியோடு நினைக்கும் இவ்விடங்களும் அமைப்புகளும், அதே நூற்றாண்டுகளில் மற்றொரு மக்கட் குழுவிற்கு அடக்குமுறையின் பெயர்களாக இருந்தன. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் நிறைவான வரலாறு ஆகாது.

தமிழ் மரபோடு ஒப்பிடின் இச்சூளுரை வஞ்சினத்தின்பாற் படும். ஆயினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. புறநானூற்றில் வஞ்சினக்காஞ்சித் துறையில் அமைந்தவை அரசர் கூற்றுகள். அங்கு வஞ்சினம் உரைப்பவர் படையுடையவர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி உரைக்கும் வஞ்சினமோ, அரசகாவலரால் கொழுநனை இழந்த ஒரு குடிமகளுடையது. மட்டாஞ்சேரிச் சூளுரை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்து, அதனினும் ஒரு படி விரிகிறது. கண்ணகி தனியள், இங்கோ உரைத்தது ஒரு சமூகம். கண்ணகி அரசவையில் வழக்குரைக்க முடிந்தது; இங்கு வாயில் திறக்கப்படவே இல்லை. வழக்குரைக்க இடமற்றுப்போன மக்களுக்கு எஞ்சிய ஒரே சட்டச் செயல் சூளுரை எனலாம்.

பின்விளைவு

1653 மே 22ஆம் நாள் ஆலங்ஙாட்டில் குருமார் பன்னிருவர் கைவைத்து அர்க்கதியாக்கோனை முதலாம் மார் தோமா என்னும் ஆயராக உயர்த்தினர். அஹத்தல்லாவின் மடல் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. தடுக்கக் கருதிய பிளவைப் பிடித்துவைத்த செயலே விரைவுபடுத்தியது.

எனினும் சூளுரைத்தோரின் ஒற்றுமையும் நீடிக்கவில்லை. உரோமை அனுப்பிய கார்மேல் சபையினர் சமரசப் பணியில் ஈடுபட்டனர். ஆயர்த் திருநிலைப்பாடு முறைப்படி அமையவில்லை என்னும் ஐயம் பலரை வாட்டியது. அர்க்கதியாக்கோனின் ஆலோசகருள் ஒருவராக இருந்த பறம்பில் சாண்டி, 1663இல் கடுத்துருத்தியில் செபாஸ்தியானி என்னும் கார்மேல் ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் 84 ஆலயங்கள் உரோமையின் பக்கமும் 32 ஆலயங்கள் மார் தோமாவின் பக்கமும் நின்றன எனக் கத்தோலிக்க வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன.

அதே 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் ஒல்லாந்தப் படையினர் மட்டாஞ்சேரியைத் தாக்கிக் கொச்சி அரசியைச் சிறைப்பிடித்திருந்தனர். கொடி மாறியதேயன்றி, ஆளைக் கைப்பற்றி ஆட்சியைக் கைப்பற்றும் முறை மாறவில்லை.

முடிவுரை

மட்டாஞ்சேரி மக்கள் நம்பிய செய்தி தவறானது. அவர்கள் எழுப்பிய கோரிக்கை நேரியது. முன்னதைக் கொண்டு பின்னதை மறுப்பது அன்றைய அதிகாரிகளின் வாதத்தையே இன்றும் வழிமொழிவதாகும். பிடிக்கப்பட்டவர் எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை கிடைத்திருந்தால் சூளுரைக்குத் தேவையே எழுந்திராது. ஆவணக் காப்பகங்கள் அஹத்தல்லாவின் வழித்தடத்தைப் பாரிசு வரை காட்டுகின்றன; ஆனால் அத்தடத்தை அறிய வேண்டியவர்களுக்கு அது அன்று காட்டப்படவில்லை. மட்டாஞ்சேரியில் கூனன் குரிசின் பெயரால் விளங்கும் ஆலயம் இன்றும் நினைவூட்டுவது ஒரு சமயப் பிளவை மட்டுமன்று. காணாமற்போன ஒருவருக்காகக் கயிற்றைப் பற்றி நின்ற கைகளையும் அது நினைவூட்டுகிறது.