தீஸ்தாவின் கரையில் ஒரு சாலை



ஜூன் மாதம் பிறந்தால் போதும், திருவையாற்றிலிருந்து அம்மாவின் போன் வந்துவிடும். "மழை நேரத்துல அந்த ஆத்தோர ரோட்ல போகாதடா" என்பார். நம்மூரில் கல்லணையிலிருந்து திருவையாறு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் ஆற்றோரச் சாலைதானே, அதில் சைக்கிள் மிதித்தே வளர்ந்தவன்தானே நான் என்று சமாதானம் சொல்வேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2022-ல் மாற்றலாகி சிலிகுரிக்கு வந்தேன். வேலை நிமித்தமாக மாதம் ஒருமுறையாவது கேங்டாக் போக வேண்டும். சுமார் 115 கிலோமீட்டர். எந்தத் தடங்கலும் இல்லாத நாளில் நாலரை மணி நேரம். பி.காம். படித்த பேங்க்காரனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தச் சாலையில் மண் சரிந்து மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வரலாற்றில் ஆர்வம் வந்துவிடும் :-)

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சிலிகுரியை விட்டதும் சாலுகாரா, பிறகு மகாநந்தா சரணாலயத்தின் சால மரக் காடு. காடு முடியும் சேவோக்கில் தீஸ்தா ஆறு மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது சாலை. காளிஜோரா, ரம்பி, தீஸ்தா பஜார். அங்கே பாலம் கடந்து மறுகரைக்குப் போய் மெல்லி, ரங்போ. ரங்போவில் சிக்கிம் ஆரம்பம். சிங்தாம் வரை தீஸ்தா கூடவே வரும். அதன்பின் சாலை ஆற்றைப் பிரிந்து ராணிபூல் வழியாக கேங்டாக் ஏறும். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஆறு. நடுவில் கிடைத்த இடத்தில் சாலை. '29 மைல்' என்றே ஒரு ஊர் உண்டு. மைல்கல் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

இது பழைய வணிக வழி. திபெத்திலிருந்து ஜெலெப் லா கணவாய் வழியாகக் கோவேறு கழுதைகளில் கம்பளி காலிம்போங்குக்கு வரும். அங்கிருந்து தீஸ்தா பள்ளத்தாக்கு வழியாக சமவெளிக்கு இறங்கும். 1903-04-ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை திபெத்துக்குள் போனபோது, அதற்கான தளவாடங்களும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறின.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த ஆற்றோரத்தில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது! டார்ஜிலிங் பொம்மை ரயிலின் கிளைப்பாதையாக, அதே இரண்டடி அகலத் தண்டவாளத்தில், 1915-ல் தீஸ்தா பள்ளத்தாக்கு ரயில் திறக்கப்பட்டது. சிலிகுரியிலிருந்து 'காலிம்போங் ரோடு' என்று அழைக்கப்பட்ட கேலிகோலா வரை போனது. 1950 ஜூன் வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. அதன்பின் எல்லாச் சுமையும் சாலையின் தலையில்தான்.

சேவோக்கில் இருக்கும் காரனேஷன் பாலத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டிய நினைவாக 1937-ல் அடிக்கல் நாட்டி 1941-ல் முடித்தார்கள். செலவு சுமார் 4 லட்சம் ரூபாய். ஆற்றின் ஆழமும் வேகமும் நடுவில் தூண் நட விடாததால் ஒரே வளைவாகக் கட்டினார்கள். அது இன்னும் நிற்கிறது. மேலே தீஸ்தா பஜாரில் இருந்த ஆண்டர்சன் பாலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1968 அக்டோபர் முதல் வார வெள்ளத்தில் போயே போய்விட்டது. அந்த வெள்ளம் கீழே ஜல்பாய்குரி நகரத்தையும் மூழ்கடித்தது.

சாலையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது ராணுவத் தேவை. 1960-ல் எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கியது. அதே ஆண்டு சிக்கிம் சாலைகளுக்காக 'ஸ்வஸ்திக்' என்ற பிரிவு வந்தது. 1962 சீனப் போருக்குப் பின் நாது லா எல்லைக்கு ஆளும் அரிசியும் போக இதைவிட்டால் நல்ல வழி இல்லை. 1975 மே 16-ல் சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலமானது. பிறகு காய்கறி, காஸ் சிலிண்டர், மருந்து, சுற்றுலாக்காரர்கள் எல்லாமே இதே வழிதான். தேசிய நெடுஞ்சாலை 31ஏ என்று இருந்ததை 2010-ல் 10 என்று மாற்றினார்கள்.

சரி, ஏன் அடிக்கடி சரிகிறது? இமயமலை வயதில் இளையது, இங்குள்ள பாறை ஏடு ஏடாக உதிரும் வகை. சாலைக்காக மலையின் அடிவாரத்தை வெட்டுகிறோம். கீழே ஆறு அதே அடிவாரத்தை அரிக்கிறது. மேலே மழை ஊறுகிறது. மூன்றும் சேர்ந்தால் எந்தத் தடுப்புச் சுவர் தாங்கும்?

2023 அக்டோபர் 3 இரவு வடக்கு சிக்கிமில் தெற்கு லோனக் என்ற பனியாற்று ஏரி உடைந்தது. நள்ளிரவில் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின் திட்டத்தின் 60 மீட்டர் அணையையும் உடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கியது. ராணுவ வீரர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். சிங்தாமில் இந்திரேணி பாலம் போனது. சாலையைப் பல இடங்களில் ஆறு தின்றுவிட்டது.

எங்கள் கிளையில் டாக்ஸி லோன் வாங்கிய டிரைவர் ஒருவர், வயதில் என்னைவிடப் பெரியவர். 'தாஜு' என்று கூப்பிடுவேன். நேபாளியில் அண்ணன் என்று பொருள். தீஸ்தா பஜாரில் வீடு. வீட்டுக்குள் இடுப்பளவு வண்டல். சாலை கொஞ்சம் திறப்பதும் மறுபடி மூடுவதுமாக இருக்க, வண்டி ஓடவில்லை. மாதத் தவணை 14 ஆயிரம். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். இது விதி. போன் செய்து கேட்க வேண்டியது என் வேலை. கேட்டேன். "ரோடு எப்ப திறக்கும்னு உங்களுக்குத் தெரியுமா சார்? தெரிஞ்சா அன்னைக்குத் தேதி போட்டுக்கிறேன்" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

பேரிடர் பாதித்த இடங்களில் கடனைத் திருப்பி அமைக்க ரிசர்வ் வங்கி விதிகளில் வழி இருக்கிறது. அதற்கான காகிதங்களை நானே உட்கார்ந்து எழுதினேன். அவருடைய தவணையைத் தள்ளிப்போட முடிந்தது. ஆனால் 2024 மழையில் சாலை மறுபடி மறுபடி மூடியது. வெள்ளம் கொண்டுவந்த வண்டலால் ஆற்றின் படுகையே உயர்ந்துவிட்டதால் தீஸ்தா பஜாரில் தண்ணீர் முன்பைவிடச் சுலபமாக ஊருக்குள் வருகிறது. அவர் வீட்டை விட்டு சிலிகுரியில் வாடகைக்கு வந்துவிட்டார். வாடகையும் தவணையும் சேர்த்து இன்னும் கட்டுகிறார். கடன் கணக்கில் அது ஒரு வரி. அவர் குடும்பத்துக்கு அது தாத்தா காலத்து வீடு.

சேவோக்கிலிருந்து ரங்போ வரை புது ரயில் பாதைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 45 கிலோமீட்டரில் 38-க்கு மேல் சுரங்கம். 1950-ல் ஆற்றோரம் ஓடிய ரயிலை இழந்த அனுபவம், இப்போது மலைக்குள்ளேயே போகச் சொல்கிறது. ஆனால் ரயில் ஊர் ஊராக நின்று ஆளை ஏற்றாது. தாஜு போன்றவர்களுக்குச் சாலைதான் சோறு.

கல்கத்தா, பெங்களூர் பக்கமிருந்து குடும்பத்தோடு கேங்டாக் வரும் நம்மவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜூன் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை தவிர்த்துவிடுங்கள். எந்த மாதம் வந்தாலும் பாக்டோக்ராவில் விமானம் ஏறுவதற்கு முந்தின நாளே சிலிகுரிக்கு இறங்கிவிடுங்கள். சாலை மூடியிருந்தால் லாவா, கோருபதான் சுற்றுவழி உண்டு. நேரமும் காசும் அதிகமாகும். அப்போது டிரைவர் கூடக் கேட்கிறார் என்று சண்டை போடாதீர்கள். அவருக்கும் எங்கோ ஒரு தவணைத் தேதி இருக்கும்.

அடுத்த வாரம் மறுபடி கேங்டாக் போகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!